குட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே உறையின் மேல் 'வெளியூர் ஆர்டர், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி' என்று எழுதியிருக்கிறேன். கடிதத்தை ஃபிலிம் ரோல் டப்பாவைச் சுற்றி மடித்து, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். வெளியூர் உறைகளை உன் முதலாளி பிரிப்பதே இல்லை, நேரே நீ படம் கழுவும் இருட்டறைக்குத்தான் வரும் என்று சத்தியம் செய்தாயே, அதை நம்பித்தான் அனுப்புகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். இதை எழுதிவிட்டு ஒரு தரம் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன். போட்டுத்தான் இருக்கிறது. போட்டிருக்கிறது என்று தெரிந்தேதான் போய்ப் பார்க்கிறேன், என்ன செய்ய.

தங்க இடம் கொடுத்த நர்ஸம்மா நல்லவர். எதையும் துருவிக் கேட்பதில்லை. வாடகைக்குப் பதில் சமைத்துப் போடு, துணி துவை, போதும் என்கிறார். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புகிறார். பதிலை அவர் ஆஸ்பத்திரி முகவரிக்கே போடு. போன் மட்டும் வேண்டவே வேண்டாம் அக்கா. என் வீட்டுக்காரர் டெலிபோன் இலாகாவில் டவர் வேலை பார்க்கிறவர், எக்ஸ்சேஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாம் அவர் கூட்டாளிகள். உன் ஸ்டூடியோவுக்கு எந்த ஊரிலிருந்து போன் வந்தது என்று ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

என் முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். பஸ் ஏற்றிவிடும்போது என் பையில் நீ திணித்த கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதை என் பக்கம் திருப்ப மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அதற்குப் பதிலாக வேறொன்று. நர்ஸம்மாவின் பூனை என் கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியில் மூன்று குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்கவில்லை. எலிக்குஞ்சு மாதிரி இருக்கின்றன. அவற்றைத்தான் எடுத்திருக்கிறேன். இருட்டாக விழுந்திருந்தால் திட்டாதே.

உன் தங்கை

மார்ச் 9

அடியே,

முகத்தைக் காட்டுடி என்றால் பூனையைக் காட்டுகிறாய். உன் நெற்றிக் காயம் ஆறியதா, சீழ் வைத்ததா என்று பார்க்கத்தான் கேட்டேன், அழகு பார்க்க இல்லை. நீ என்னடாவென்றால் ஒரு ரோல் முழுக்க இருட்டு, இருட்டுக்குள் இருட்டாக மூன்று உருண்டை! கழுவி எடுத்த கெமிக்கலுக்குக்கூடக் கட்டாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்னும் என்ன 'அவர்' வேண்டிக் கிடக்கிறது? உன் தலையை நிலைப்படியில் மோதினவனுக்கு இவ்வளவு மரியாதையா? சரி, வாய்க்குப் பழகிவிட்டது. இருக்கட்டும்.

அவன் தம்பி இரண்டு தடவை ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டுப் போனான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்தானாம். மூஞ்சியைக் கேமராவில் காட்டாமல் என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "தலையைத் தூக்குங்க, தாடையை இறக்குங்க" என்று அவனைக் கழுத்து வலிக்கும் வரை ஆட்டி வைத்தேன். தெருவில் யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்க்காமல் இப்போதெல்லாம் நான் வீட்டுக்குப் போவதில்லை. அதனால்தான் உன்னைப் பார்க்க வரவில்லை. நான் வந்தால் அவனுக்கு வழி காட்டிய மாதிரி ஆகிவிடும்.

போலீஸுக்குப் போகலாம் என்று மறுபடி நினைக்காதே. போன தடவை என்ன ஆயிற்று? "சாட்சி இருக்காம்மா? குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, அவனோடேயே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். கையில் ஏதாவது இருந்தால் பார்க்கலாம். அதுவரை வெளியே தலை காட்டாதே. பஸ் ஏறும்போது சொன்னாயே, நர்ஸம்மாவோடு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகிறேன் என்று, அந்த ஆசையெல்லாம் அப்புறம்.

பொழுது போக வேண்டும் அல்லவா, குட்டிகளையே எடு. ஆனால் ஒழுங்காக எடு. ஃபிளாஷைத் தொடாதே, பிஞ்சுக் கண், அந்த வெளிச்சம் தாங்காது. கண் திறக்கட்டும். ஜன்னல் பக்கம் மேசை போட்டு அதில் பெட்டியை வை. நீ நின்றுகொண்டு கீழே பார்த்து எடுக்காதே, குட்டியின் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கண்ணில் ஃபோகஸ் பிடி. கண் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். கால் மணிக்கு மேல் தொந்தரவு செய்யாதே, தாய்க்குக் கோபம் வந்தால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு எங்கேயாவது போய்விடும்.

சாப்பிடு.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கண் திறந்துவிட்டன! மூன்றுக்கும். ஒன்று கரிக்கட்டை மாதிரி, அதற்குக் கரி என்று பேர். ஒன்று வெள்ளை, பாலாடை. மூன்றாவதுக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியாமல் 'மூணாவது' என்றே கூப்பிடுகிறேன். தாய்க்கு மகாராணி என்று பேர் வைத்தது நர்ஸம்மா. அதற்கு என்னைக் கண்டால் இளக்காரம். நான் பயந்தாங்கொள்ளி என்று மோப்பம் பிடித்துவிட்டது.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். மேசையை ஜன்னலோடு சேர்த்துப் போட்டு, பெட்டியில் என் பழைய துண்டை விரித்து, தரையில் முட்டி போட்டுக்கொண்டு எடுத்தேன். பாலாடை கொட்டாவி விட்டது, உள்ளே ரோஜா நிற நாக்கு, அரிசி மாதிரி பல். மூணாவது பெட்டி விளிம்பில் ஏறி விழப் பார்த்தது, ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் அமுக்கினேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எந்த நினைப்பும் இல்லை அக்கா. தாழ்ப்பாள்கூட நினைவுக்கு வரவில்லை.

அப்போது பார்த்து வெளிக்கதவை யாரோ ஆட்டினார்கள். கேமராவைக் கீழே வைத்தேனா, போட்டேனா தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். வெளியே "யாருங்க வீட்டுல, மீட்டர் பாக்கணும்" என்று குரல். அவர் குரல் இல்லை. இல்லை என்று காது சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை. மகாராணி என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சீறுகிறது, குட்டிகளைக் கொடு என்று. அந்த ஆள் போய் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். மீட்டர் பார்க்கவில்லை என்று நர்ஸம்மாவுக்கு அபராதம் போடுவார்களோ என்னவோ. இப்படியே எத்தனை நாள் அக்கா கட்டிலுக்கடியில் இருப்பது? நீ 'வெளியே தலை காட்டாதே' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறாய். இங்கே இருந்து பார்த்தால் தெரியும்.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஜன்னல் பக்கம் ஒரே வெளிச்சம், எனக்கே கண் கூசியது. படத்தில் ஜன்னல் வெறும் வெள்ளையாகத்தான் விழும். விழட்டும். குட்டிகள் தெரிந்தால் போதும்.

உன் தங்கை

மார்ச் 21

என் கண்ணே,

திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்ட வாய் வரவில்லை. கொட்டாவி விடுகிற படம் இருக்கிறதே, இத்தனை வருஷமாகக் கல்யாண மாப்பிள்ளைகளையும் மொட்டைத்தலைக் குழந்தைகளையும் கழுவிக் கழுவிச் சலித்த எனக்கு, அதைத் தண்ணீரில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கண் கத்தி மாதிரி இருக்கிறது. மீசை முடி ஒவ்வொன்றும் எண்ணலாம். உனக்கு இப்படி ஒரு கை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

நீ சொன்னபடி ஜன்னல் வெள்ளையாகத்தான் விழுந்திருந்தது. குட்டிக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டின மாதிரி. எனக்குத்தான் அது பொறுக்காதே! நெகட்டிவில் அந்த இடம் கறுப்பாகக் கெட்டியாக இருந்தது, அப்படியென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, அதிக வெளிச்சம் விட்டால் தாளில் இறங்கும் என்று அர்த்தம். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வெளிச்சத்தில் குட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு மட்டும் வெளிச்சத்தை ஊட்டு ஊட்டென்று ஊட்டினேன். மூன்று தாள் வீணாயிற்று. நாலாவதில் வந்தது பார், மேகம், கூரை ஓடு, தூரத்தில் ஏதோ ஒரு இரும்புக் கோபுரம், அதில் பெரிய பெரிய வட்டத்தட்டுகள். படத்துக்கே ஒரு ஆழம் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கிற குட்டி, வெளியே பெரிய உலகம். முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருடையதும்மா இது? வெளியூர் ஆர்டரா? எந்த மகராசன் எடுத்தான்!" என்றார். மகராசி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

அவரே பெரிய சைஸ் போடச் சொல்லி, சட்டம் போட்டு, ஷோகேஸில் நடுவில் வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பயப்படாதே. பூனைதானே. உன் நகம்கூட அதில் இல்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

எடுத்துவிடு. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வா. அப்புறம் மிச்சத்தைப் படி.

உனக்குப் பைத்தியமா? அந்தக் கோபுரம் என்ன தெரியுமா? டெலிபோன் டவர். அவர் ஏறுகிற டவர். ஊர் ஊராகப் போய் ஆணி முறுக்கி, பெயிண்ட் அடித்துவிட்டு வந்து, சாப்பிடும்போது தட்டில் விரலால் வரைந்து காட்டுவார். எந்த ஊர் டவரில் எத்தனை தட்டு, எது எந்த ஊரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று. நான் "ம்" கொட்டாவிட்டால் அதற்கும் அடி. உனக்கு அது வட்டத்தட்டு. அவருக்கு அது முகவரி. ஊரை மட்டும் இல்லை, எந்தப் பக்கத்து வீடு, எவ்வளவு தூரம் என்று அங்கேயிருந்தே சொல்லிவிடுவார்.

இத்தனை நாள் நான் அந்த டவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஜன்னலில் அது கண்ணில் படும்போதெல்லாம் முதுகைத் திருப்பிக்கொள்வேன். படத்தில் வராது என்று நினைத்தேன். வெள்ளையாக விழும் என்று எழுதினேனே. வெள்ளையாக விழுந்ததை நீ ஏன் அக்கா தோண்டினாய்? யார் கேட்டார்கள் உன்னை?

காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. மகாராணி மூன்றையும் கவ்விக்கொண்டு போய்ப் பரணில் வைத்துவிட்டது. நான் அதிகம் படம் எடுத்ததாலா, வேறு எதையாவது பார்த்ததாலா? ஜன்னலுக்கு வெளியே யாராவது நின்றார்களா? நர்ஸம்மா, "பூனைன்னா இடம் மாத்தும்மா, நீ வேற" என்கிறார். இருக்கலாம். எனக்கு நம்பத் தோன்றவில்லை.

எடுத்துவிட்டாயா?

மார்ச் 26

கண்ணே,

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்று அவன் வந்தான். தம்பி இல்லை, அவனே. உள்ளே வரவில்லை. வெளியே ஷோகேஸ் முன்னால் நின்றான். நான் கல்லாவிலிருந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருவான், கத்துவான் என்று கத்தரிக்கோலைக்கூடக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பூனைப் படத்தைத்தான் பார்த்தான். குட்டியைப் பார்த்துச் சிரிக்கிற முகமாகவும் இல்லை. கண்ணாடியில் விரலை வைத்து எதையோ எண்ணினான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். பெட்டியில் விரித்திருந்த துண்டைப் பார்த்தானோ? அது உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த துண்டுதானே, ஓரத்தில் மாங்காய் போட்டது. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் கேட்காமல் போனதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. துண்டைப் பார்த்தாலும் ஊர் எப்படித் தெரியும், தெரியாது அல்லவா? தெரியாது. படத்தை எடுத்துவிட்டேன். முதலாளி காரணம் கேட்டார், சட்டத்தில் கரையான் என்று சொல்லிவிட்டேன்.

ஜாக்கிரதையாக இரு. உடனே பதில் போடு.

அக்கா

மார்ச் 28

கண்ணே, 'எடுத்துவிடு' என்று நீ எழுதின கடிதம் இப்போதுதான் வந்தது. நின்றபடியே எழுதுகிறேன்.

அவன் துண்டைப் பார்க்கவில்லை. தட்டுகளை எண்ணியிருக்கிறான். என் கண் முன்னாலேயே நின்று எண்ணியிருக்கிறான், நான் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று உனக்குப் பாடம் நடத்தினேனே. எங்கள் தொழிலில் படம் பார்ப்பதே அப்படித்தான், முதலில் கண், அப்புறம் முகம், அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. அவன் தொழிலில் முதலில் டவரைப் பார்ப்பான் என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? வெள்ளையாக இருந்த இடத்தை இந்தக் கையால்தான், கண்ணே, திறந்துவிட்டேன். கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அவன் எக்ஸ்சேஞ்சில் ஒட்டுக்கேட்டாலும் கேட்கட்டும், இனி என்ன இருக்கிறது மறைக்க என்று நர்ஸம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். யாரோ ஒரு ஆயா எடுத்தார். நர்ஸம்மாவைக் கூப்பிட முடியாது, வார்டில் இருக்கிறார் என்றார். விஷயத்தை விளக்கிச் சொல்ல எனக்கு வாயும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. "பூனைக்குட்டிங்களை உள்ள எடுத்து வெச்சு ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க. அக்கா சொன்னாங்கன்னு சொல்லுங்க. கேமராவுல ஃபிளாஷை மாட்டிக்கச் சொல்லுங்க" என்றேன். ஃபிளாஷை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்தது. அந்த அம்மா, "பூனைக்குட்டியா? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிப் பூனைக்குட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சொல்வாரா, சிரித்துவிட்டுப் போய்விடுவாரா தெரியவில்லை.

இது உன் கைக்கு வந்தால் வீட்டில் இருக்காதே. நர்ஸம்மாவோடு ஆஸ்பத்திரிக்கே போய்விடு. வார்டு வராந்தாவில் படுத்தாலும் பரவாயில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் இரு.

ஏப்ரல் 2

எங்கே இருக்கிறாயோ, என் கண்ணே,

ஆஸ்பத்திரி முகவரிக்குத்தான் போடுகிறேன். வேறு எங்கே போட?

இன்று காலை உறை வந்தது. மேலே எழுத்து உன்னுடையது இல்லை. உள்ளே ஒரு ரோல் மட்டும். டப்பாவைச் சுற்றிக் கடிதம் இல்லை. உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன், கிழித்து உள்பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ரோலைத் தொட்டியில் போட்டேன். எத்தனையோ ஆயிரம் ரோல் கழுவியிருக்கிறேன், இந்த ஒன்றுக்குத்தான் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கெமிக்கலை ஊற்றினேன். முதலாளி வெளியே நின்று, "கல்யாண ஆர்டர் என்னம்மா ஆச்சு?" என்று கத்துகிறார். "ஆகும்போது ஆகும்" என்று நானும் கத்தினேன். அந்த மனுஷரிடம் நான் இதுவரை குரலை உயர்த்தியதே இல்லை.

சுருளை ஈரத்தோடு எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். முதலில் குட்டிகள். பரணில் எடுத்தாயா? கரி தலைகீழாகத் தொங்குகிறது, நெகட்டிவில் அது வெள்ளையாகவும் பாலாடை கறுப்பாகவும் இருக்கின்றன. மகாராணி பல்லைக் காட்டுகிறது. ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திக்கொண்டே வந்தேன்.

அப்புறம் ஒரு முகம். மை கொட்டின மாதிரி ஒரே கறுப்பு. கிட்டத்தில் ஃபிளாஷ் அடித்தால்தான் நெகட்டிவ் அப்படிக் கறுக்கும். மூக்கு தெரியவில்லை, கண் தெரியவில்லை. ஆனால் முன்னால் நீட்டிய அந்தக் கையை எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்தது காலி. வெறும் கண்ணாடி மாதிரி. அதற்கு அடுத்ததும் காலி. அடுத்ததும். கண்ணே, படச்சுருளில் வரிசை மாறாது. முதலில் நடந்தது முதலில் இருக்கும், பின்னால் நடந்தது பின்னால்தான் இருக்கும். அவன் முகத்துக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்றால்... எனக்கு அதற்கு மேல் நகர்த்தத் தைரியம் வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுருளிலிருந்து தண்ணீர் மடியில் சொட்டுகிறது. அம்மா போனபோதுகூட நான் இப்படி வாயைப் பொத்திக்கொண்டு அழுததில்லை.

அப்புறம் நகர்த்தினேன். வேறு வழி?

கடைசியில், சுருள் முடிந்து ஓட்டை மட்டும் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு படம். யாரோ கை நடுங்கி எடுத்தது. ஒரு பெண், தோளில் ஒரு குட்டி. பாதி தலை வெட்டுப்பட்டிருக்கிறது.

நீ. எத்தனை நாளாகக் கேட்டேன், இப்படியா முகத்தைக் காட்டுவாய்! உயிரோடு இருக்கிறாய். அவனுக்குப் பின்னால் இருக்கிறாய். எனக்கு இது போதும். ஆனாலும் ஒரு வரி எழுது. அடி படுபாவி, ஒரே ஒரு வரி.

அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ரோல் முதலில் வந்திருக்கும், பயந்திருப்பாய். என் வலது கை மணிக்கட்டில் கட்டு. எழுத முடியவில்லை, நர்ஸம்மாதான் ரோலைத் தபாலில் போட்டார். கடிதம் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன்.

அந்த ஆயா சொல்லிவிட்டார் அக்கா. வார்டு முழுக்கச் சிரித்தார்களாம். நர்ஸம்மா சிரிக்கவில்லை. மத்தியானமே வீட்டுக்கு ஓடிவந்து, "உங்க அக்கா போன் பண்ணாங்களாம். எனக்கென்னவோ சரியாப் படல. ஜன்னலைச் சாத்து. நான் டூட்டியை மாத்திக்கிட்டு வந்துடறேன், வந்ததும் போயிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஜன்னலைச் சாத்தினேன். ஃபிளாஷை மாட்டினேன். உயிர் போகிற நேரத்தில் எதற்கு ஃபிளாஷ் என்று நினைத்துக்கொண்டேதான் மாட்டினேன். இருட்டில் கை வேறு வேலை இல்லாமல் தவிக்கிறதே என்று பரணில் ஏறிக் குட்டிகளை வெறுமனே படம் பிடித்துக்கொண்டிருந்தேன், ஓடு விலகின இடத்தில் வருகிற வெளிச்சத்தில். ஃபிளாஷை அணைத்துத்தான். நீ சொன்னது மறக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம். திடீரென்று ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டு ஃபியூஸை மட்டும் வெளியே பிடுங்கியிருக்கிறான். கம்பத்தில் ஏறுகிறவனுக்கு அது என்ன பெரிய காரியம்? பரணிலிருந்து இறங்கினேன், வாசல் பக்கம் ஓடத்தான். அதற்குள் பின்கதவில் குரல். கத்தவில்லை அக்கா, கெஞ்சுகிற குரல். "கதவைத் தொற. பேசிக்கலாம். நான் மாறிட்டேன்மா." முன்பெல்லாம் அந்தக் குரலுக்குத்தான் திறந்தேன். திறக்கவில்லை. அப்புறம் நெம்புகிற சத்தம். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

இருட்டில் அவன் மூச்சு கேட்டது. நான் கேமராவை மார்போடு வைத்து ஃபிளாஷைத் தட்டினேன், அது கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு சார்ஜ் ஏறுகிறது. அந்தச் சத்தத்தை வைத்தே என் பக்கம் திரும்பினான். கிட்டத்தில் வந்ததும் அமுக்கினேன். அறை முழுக்க வெள்ளை. "ஐயோ கண்ணு" என்று கத்திக்கொண்டு மேசையில் மோதினான். நான் சுருளை நகர்த்தி மறுபடி அமுக்கினேன், மறுபடி, மறுபடி. ஃபிளாஷ் வரவில்லை, அதற்கு மூச்சு வாங்க நேரம் வேண்டுமே. எனக்கு அது தெரியவில்லை, அமுக்கிக்கொண்டே வாசல் தாழ்ப்பாளைத் திறந்தேன். குருட்டாம்போக்கில் எதையோ வீசினான், மணிக்கட்டில் பட்டது. கேமராவை விடவில்லை. தெருவுக்கு ஓடினேன். எத்தனை நாளுக்கப்புறம் தெருவைப் பார்க்கிறேன் தெரியுமா, அழகு பார்க்கத்தான் முடியவில்லை.

அவன் ஓடிவிட்டான். இங்கே போலீஸில் நர்ஸம்மா மேசையைத் தட்டிப் பேசி, புகார் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவன் அன்றைக்கு உன் ஊரில் டூட்டியில் இருந்ததாகக் கூட்டாளிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "படம் இருக்குன்னு சொல்றீங்களே, மூஞ்சி தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தெரியுமா அக்கா? அவ்வளவு கிட்டத்தில் அடித்த ஃபிளாஷில் முகமே வெளுத்துப் போயிருந்தால்?

நான் கோபத்தில் அப்படி எழுதிவிட்டேன், யார் உன்னைத் தோண்டச் சொன்னது என்று. இப்போது நானே கேட்கிறேன். தோண்டு.

கடைசிப் படம் நர்ஸம்மா எடுத்தது, ஆஸ்பத்திரியில். மூணாவதை மட்டும் பையில் போட்டு எனக்காகக் கொண்டுவந்திருந்தார். மற்றவை பரணில் பத்திரமாக இருக்கின்றன.

உன் தங்கை

ஏப்ரல் 9

என் தங்கமே,

நீ பயந்ததுதான் நடந்தது. முதல் பிரதியில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத்தாள். சட்டை இருக்கிறது, கை இருக்கிறது, கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. "இது யாரா வேணா இருக்கலாமேம்மா" என்று எந்தப் போலீஸ்காரனும் சொல்லிவிடுவான்.

ஓர் அட்டையில் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டேன். அந்த ஓட்டை வழியாக அவன் முகத்துக்கு மட்டும் வெளிச்சத்தை விட்டேன். ஜன்னலுக்குச் செய்த அதே வேலைதான். அன்றைக்கு ரசித்து ரசித்துச் செய்தேன், இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். தாள் வீணாகிக்கொண்டே போயிற்று. முதலாளி உள்ளே வந்து ஓரமாக நின்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாண ஆர்டர் பற்றி மூச்சுவிடவில்லை, "நல்ல பேப்பரை எடும்மா, அந்தப் பெட்டியில இருக்கு" என்றார்.

கெமிக்கல் தட்டில் முதலில் புருவம் வந்தது. அப்புறம் மீசை, மூக்குப் பக்கத்து மச்சம். கண் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறான். கையில் டவர் ஆணி முறுக்குகிற ஸ்பேனர், அதில் இலாகா முத்திரை. தண்ணீருக்குள்ளிருந்து அவன் என்னைப் பார்க்கப் போகிறான் என்று தோன்றி, ஒரு கணம் தாளைக் கவிழ்த்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் என்ன, இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது.

நெகட்டிவையும் பிரதிகளையும் முதலாளியே உன் ஊர்ப் போலீஸில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அவனைப் பிடித்துவிட்டார்கள் என்று நேற்றுத் தகவல். கையெழுத்துப் போட்ட கூட்டாளிகளையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்களாம். ஜாமீனில் வருவானா, எப்போது வருவான், அதெல்லாம் வக்கீலைக் கேட்டால்தான் தெரியும். நீ வேலைக்குப் போ. நான் இனி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தனியாகப் போகாதே.

உன் படத்தையும் போட்டேன். நர்ஸம்மாவிடம் சொல்லு, ஊசி போடுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும். குட்டியின் காது மட்டும் ஃபோகஸில் இருக்கிறது. உன் நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காயம் ஆறிவிட்டது.

முதலாளி அதை ஷோகேஸில் வைக்கலாமா என்று கேட்டார். முறைத்தேன், போய்விட்டார். என் மேசை டிராயருக்குள் இருக்கிறது.

உனக்குப் பின்னால் ஆஸ்பத்திரி ஜன்னல் ஒன்று விழுந்திருக்கிறது. அதற்குள்ளும் ஏதோ இருக்கிறது, நெகட்டிவில் தெரிகிறது. அதை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

அக்கா